மலையின் வழக்கும் மேடையின் கவிதையும்: நெல்லையில் ஓர் அரங்கை நடத்தும் முறை

பாளையங்கோட்டையில் நாங்கள் முதன்முதலாக நடத்திய அரங்கில், எட்டுக் கவிஞர்கள் பேசி முடித்த பிறகே காரையாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருந்த, காணி என்னும் மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவருக்கு மைக் கிடைத்தது. அப்போது மணி நாலரை. இருட்டுவதற்குள் பாபநாசம் வனச் சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும், அதன் பிறகு மலைச் சாலையில் யானை இறங்கிவிடும் என்று வேன் ஓட்டுநர் வாசலில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் நான்கு நிமிடம் பேசினார். தம் வீட்டு மனைக்கும் விளைநிலத்துக்கும் உரிமை கேட்டுக் கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கியவர், பாதியில் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அவருக்காகக் கூட்டிய கூட்டத்தில் அவருக்கு நேரம் இல்லாமல் போனது. அந்தப் பிழை முழுவதும் ஏற்பாடு செய்த எங்களுடையது. கவிதையையும் பழங்குடி மக்களின் நீதியையும் ஒரே மேடையில் வைக்க விரும்புகிறவர்கள் அதே பிழையைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே, அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நிகழ்த்துக் கவிதை என்று நாம் இப்போது சொல்வது, தாளில் படிப்பதற்காக அன்றிக் குரலிலும் உடலிலும் நிகழ்வதற்காக எழுதப்படும் கவிதை. 1980களில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் அது போட்டி மேடையாக வளர்ந்து உலகெங்கும் பரவியது. பூர்வகுடி மக்கள் அதற்கும் முன்பே கவிதையை உரிமைப் பேச்சோடு இணைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கவிஞர் ஊஜரூ நூனக்கல், 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்புக்காகப் பல ஊர்களுக்குச் சென்று பேசியவர். அந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பூர்வகுடி மக்களுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற நமக்கு இந்த வடிவத்தை வெளியிலிருந்து யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதையை விடிய விடியப் பாடி, கேட்கிறவர்களை அழவும் வைத்து, கொன்றவரின் வாரிசுகளையே கும்பிடவும் வைக்கிற வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நம் கொடை விழாக்களில் இன்றும் நடக்கின்றன. சாதி கடந்து மணந்து, மாடுகளைக் காக்கப் போராடி மடிந்த முத்துப்பட்டன், காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனாக நிற்கிறான். பாட்டு என்பது முறையீடும்தான் என்பதை இந்த ஊர் மக்கள் அறிவார்கள். அந்த அறிவை நம்பித்தான் அரங்கை அமைக்க வேண்டும்.

யாருடைய நீதியைப் பேசப்போகிறோம் என்பதை முதலில் பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். ‘பழங்குடியினர்’ என்று பொதுவாகச் சொல்லிக் கூட்டம் போட்டால் அது யாருக்கும் உதவாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி, அகஸ்தியர் காணி குடியிருப்பு ஆகிய இடங்களில் வாழ்கிறவர்கள் காணிக்காரர்கள். வடக்கே, தென்காசி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் பளியர்கள் வாழ்கிறார்கள். சமவெளியில், மகுடம் என்னும் தோல்கருவியை அடித்துச் சுடலைமாடன் கதையைப் பாடுகிற கணியான் சமூகத்தாரும் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினரே என்பது நெல்லையிலேயே பலருக்குத் தெரியாது. காணி வேறு, கணியான் வேறு. பெயர் ஒலிக்கிற விதத்தால் இரண்டையும் ஒன்றாக அச்சிட்ட அழைப்பிதழ்களை நான் பார்த்திருக்கிறேன். அழைக்கப்பட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. அழைப்பிதழில் ‘காட்டுவாசி’, ‘மலைவாசி’ போன்ற சொற்கள் வேண்டாம். அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அதையே எழுத வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இவ்வளவு சிறிய எண்ணிக்கை மிகப் பெரும்பாலான தொகுதிகளில் தேர்தல் முடிவை அசைக்காது. இவர்களுடைய குரல் தானாக ஒலிபெருக்கியை எட்டாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நாம் அமைக்கிற மேடை அந்தக் குறையை ஒரு பகலுக்காவது ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே முதல் வேலை மண்டபம் பிடிப்பது அன்று, மலைக்குச் செல்வது. நிகழ்ச்சி நிரலை எழுதி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. களக்காடு முண்டந்துறை 1988ஆம் ஆண்டிலிருந்து புலிகள் காப்பகம் என்பதால், குடியிருப்புகளுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். குடியிருப்புக்குச் சென்றதும் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியையும் பெரியவர்களையும் முதலில் பார்த்து, வந்த காரியத்தைச் சொல்லி, அவர்கள் தங்களுக்குள் கலந்து பேச அவகாசம் கொடுத்துத் திரும்பிவிட வேண்டும். அன்றைக்கே பதில் கேட்பது அழகன்று. இரண்டாம் முறை செல்லும்போது பெண்களிடமும் கல்லூரி படிக்கிற பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் பெரியவர்கள் நிலத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் பிள்ளைகள் சான்றிதழைப் பற்றியும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியைப் பற்றியும் சொல்வார்கள். எதைப் பொது மேடையில் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று அவர்கள் வகுத்துக் கொடுப்பதே மூன்றாம் முறை செல்வதன் பயன். இந்த மூன்று பயணங்களையும் செய்ய நேரமில்லை என்றால் அரங்கைத் தள்ளிவைப்பதே நேர்மையானது.

காணிக்காரர்களிடம் சாற்றுப்பாட்டு உண்டு. நோய் தீர்க்கவும் தீங்கு விலக்கவும், கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலித்தபடி, சடங்கை நடத்துகிற பிலாத்தி பாடுகிற சடங்குப் பாட்டு அது. அதைக் கேட்டதும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பத்து நிமிடம் பாடச் சொல்லலாமே என்றுதான் எல்லா அமைப்பாளருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. சடங்கிலிருந்து பிடுங்கி மேடையில் வைத்தால் அது வேடிக்கைப் பொருளாகிவிடும். அவர்களாகவே பாட முன்வந்தால் பாடட்டும். நாமாகக் கேட்கக் கூடாது. பாடினாலும் அதைப் பதிவு செய்யலாமா, பதிவை இணையத்தில் இடலாமா, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்கு அகத்தியமலையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் இறுதியில் மலையின் கேரளப் பக்கத்தில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், தங்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் ஏறுவதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995ஆம் ஆண்டில் அதன் தயாரிப்பு உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகைக்கும் வழங்கப்பட்டு, அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பணத்தைப் பெற 1997ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. பயனைப் பகிர்ந்ததற்கு உலக அளவில் முன்மாதிரியாகப் பேசப்பட்ட இந்த ஏற்பாட்டிலும், முதலில் அந்த அறிவைச் சொல்லிக்கொடுக்க யாருடைய சம்மதம் இருந்தது என்ற கேள்வி பின்னால் எழாமல் இல்லை. ஒரு காயின் இரகசியத்துக்கு இவ்வளவு என்றால், ஒரு பாட்டுக்கும் ஒரு குடும்பக் கதைக்கும் அதே மரியாதை உண்டு. வன உரிமைச் சட்டமும் மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையை வெளிப்படையாகச் சொல்கிறது.

அடுத்து, கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். நெல்லையில் நீதி பற்றி மேடை போட்டால் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமும் வரும், 1999ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று காவல்துறையின் தடியடியின்போது தாமிரபரணியில் பறிபோன 17 உயிர்களும் வரும், ஆற்று மணலும் வரும். எல்லாமே பேச வேண்டியவை. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு வேறு, காணிக்காரரின் வரலாறு வேறு. இரண்டையும் ஒரே மேடையில் குழைத்தால் எண்ணிக்கையில் சிறியவர்களின் வழக்குத்தான் மறைந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரங்கு நடத்துங்கள். பழங்குடியினருக்காகக் கூட்டிய நாளில் அவர்கள் சொன்ன ஒரு கோரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, கவிதையும் உரையும் மனுவும் அதையே சுற்றி வருமாறு செய்யுங்கள்.

கோரிக்கை நிலம் பற்றியது என்றால், மேடையேறும் ஒவ்வொருவரும், கவிஞர் உட்பட, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் அடிப்படைகளைத் தெரிந்திருக்க வேண்டும். 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். சிறு வன மகசூலைச் சேகரிப்பதும் விற்பதும், சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிப்பதும் உரிமைகளே. பதிவேட்டில் ஏறாத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தில் கிராமம் என்றே கருதப்படும். அதன் வயதுவந்தோர் அனைவரும் அமர்ந்த கிராம சபையில்தான் உரிமைக் கோரிக்கை தொடங்குகிறது. அங்கிருந்து அது கோட்ட அளவிலான குழுவுக்கும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் செல்லும். ஒரு நிலையில் மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் அடுத்த நிலைக்கு முறையிடலாம். பரிசீலனை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டத்திலேயே உள்ள வாசகம். ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் வரலாமா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்று தீர்மானித்ததும் இந்தச் சட்டத்தின் வலிமையைக் காட்டும். மேடையில் சொல்ல இதைவிடச் சிறந்த கதை கிடைப்பது அரிது.

கோரிக்கை சான்றிதழ் பற்றியது என்றால் வேறு விதமாகத் தயாராக வேண்டும். அரசின் பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே கன்னியாகுமரி மாவட்டம் என்றும் திருநெல்வேலியின் குறிப்பிட்ட வட்டங்கள் என்றும் எல்லை வரையப்பட்டிருக்கிறது. மலையை விட்டு இறங்கி வேறோர் ஊரில் வாழ்கிற குடும்பத்துக்கு இதனால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு வரியில் எழுதப்பட்ட எல்லை எத்தனை தலைமுறையைத் தொடும் என்பது விளங்கும். பழங்குடியினர் சான்றிதழை வழங்குகிறவர் வட்டாட்சியர் அல்லர், சார் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் என்பதையும் பேச்சாளர் சரியாகச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் அதற்காகச் சேரன்மகாதேவிக்குச் செல்கிறார்கள். தவறான அலுவலகத்தின் பெயரை மேடையில் சொன்னால், நம்மை நம்பி ஒரு குடும்பம் ஒருநாள் கூலியை இழந்து அங்கே போய் நிற்கும்.

கவிஞர்களைத் தேர்ந்தெடுப்பதைவிட அவர்களைத் தயார்செய்வதில்தான் அதிக உழைப்பு தேவைப்படுகிறது. எங்கள் இரண்டாம் அரங்கின் ஒத்திகையில் ஓர் இளைஞர், தம்மைக் காணிப் பெண்ணாகவே பாவித்து, வில்லும் அம்பும் தேனும் நிலவுமாக ஒரு கவிதையைச் சொன்னார். குரல் நன்றாக இருந்தது. கேட்டவர்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த காணிப் பெண் ஒருவர் எழுந்து, “அம்பு வில்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது சார், எம் பிள்ளைக்கு சாதி சர்ட்டிபிகேட் எங்க இருக்குன்னு சொல்லுங்க” என்றார். அந்த இளைஞர் அன்றிரவே தம் கவிதையைக் கிழித்துவிட்டு, மறுநாள் அந்தப் பெண்ணோடு சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அரை நாள் உடன் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து புதிதாக எழுதினார். புதிய கவிதையில் நிலவு இல்லை. வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகும், மூடிய ஜன்னலும், சாப்பாட்டு நேரம் முடிந்தும் திறக்காத கதவும் இருந்தன. நான் கேட்ட நிகழ்த்துக் கவிதைகளில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

ஆகவே பழங்குடியினர் அல்லாத கவிஞர் ‘நான்’ என்று பழங்குடியினரின் வாயால் பேச வேண்டாம் என்பது எங்கள் அரங்கில் விதி. தாம் பார்த்ததை, தம் இடத்தில் நின்று, தம் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லட்டும். நெல்லைக்காரர் அணைத் தண்ணீரைக் குடித்தபடி அணைக்கு மேலே வாழ்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறார் என்ற உண்மையே போதுமான கவிதைப் பொருள். அதே நேரத்தில், பழங்குடி இளைஞர்களில் எழுதுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் துயரத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காதலையோ கிரிக்கெட்டையோ பற்றிச் சொல்ல வந்தாலும் மேடை அவர்களுடையது.

கவிதை ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மனப்பாடமாக வர வேண்டும்; கைப்பேசித் திரையைப் பார்த்து வாசிக்கிறவரின் முகம் அவையைப் பார்ப்பதில்லை. எழுதும்போது கண்ணுக்குப் பிடித்த சொற்கள் பல காதில் விழாமல் போகும் என்பதால், வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் திருத்த வேண்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வரி நீளம் என்று பொருள். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு செய்தியைச் சொன்னதும் பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போடுவார். அந்த ஒற்றைச் சொல் கேட்கிறவரைக் கதைக்குள் இழுத்துவிடும். நிகழ்த்துக் கவிதைக்கும் அப்படி ஒரு மறுகுரலை வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ்க் கவிதையில், “என்ன சொன்னாங்க?” என்று ஒருவர் கேட்க, “நாளைக்கு வரச் சொன்னாங்க” என்று கவிஞர் பதில் சொல்வதாக அமைத்தோம். நான்காம் முறை கேள்வியை அவையே கேட்டது.

காணிக்காரர்களின் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்து வரும். அதில் சொல்லப்படும் கவிதையை வரிக்கு வரி மொழிபெயர்த்து இடையில் குறுக்கிடக் கூடாது. தொடங்குவதற்கு முன் பொருளை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும். மீதியைக் குரல் சொல்லிவிடும்.

வன்கொடுமைகளைப் பற்றிய கவிதையில் இன்னும் கவனம் தேவை. வாச்சாத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. மேடையில் வன்கொடுமையை நடித்துக் காட்ட வேண்டியதில்லை. அது அந்தப் பெண்களுக்கு இன்னொரு முறை இழைக்கும் தீங்கு. இந்தத் தேதிகளை மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டுச் சொன்னாலே முப்பத்தொரு ஆண்டு என்ன என்பது அவைக்குப் புரியும். எண்களைக் கவிதைக்கு ஆகாதவை என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பதில் நெல்லைக்கே உரிய சிக்கல்கள் உண்டு. ஆகஸ்ட் 9 உலகப் பூர்வகுடி மக்கள் நாள் என்பதால் அன்றைக்கே நடத்த ஆசை வரும். அது ஆடி மாதத்தில் விழுகிறது. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரள்வதால் காரையாற்றுச் சாலையில் போக்குவரத்தே மாறிவிடும். கொடை நடக்கிற செவ்வாய், வெள்ளிகளில் மகுடக் கலைஞர்களும் கிடைக்க மாட்டார்கள். அது அவர்கள் ஆண்டு வருமானத்தைச் சேர்க்கிற காலம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். எங்கள் அனுபவத்தில் புரட்டாசிச் சனிக்கிழமையும் மாசிச் சனிக்கிழமையும் வசதியாக இருந்திருக்கின்றன. சனிக்கிழமை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒருநாள் இடைவெளியில் திங்கட்கிழமை வந்துவிடும், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் அன்றுதான் நடக்கிறது. சனிக்கிழமை மேடையில் சொன்னதைத் திங்கட்கிழமை மனுவாகக் கொடுக்கலாம்.

நிகழ்ச்சியைக் காலை பத்தரைக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பாபநாசம் போக ஏறத்தாழ 50 கி.மீ., அதற்கு மேல் மலைச் சாலை. முதலில் பேசுகிறவர் மலையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், அவருக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அதன் பிறகு இரண்டு கவிதைகள். அடுத்து சட்டம் தெரிந்தவர் பன்னிரண்டு நிமிடம் பேசட்டும். சட்டப்பிரிவுகளை அடுக்காமல், இந்தக் கோரிக்கை எந்த மேசையில் நிற்கிறது, யார் கையொப்பமிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லட்டும். பிறகு மீண்டும் கவிதை, அவையின் கேள்விகள், கடைசியில் மலையிலிருந்து வந்தவர்களில் இளையவர் ஒருவர் மனுவை உரக்க வாசிப்பது. வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை ஆகியவற்றை முழுவதும் விட்டுவிட வேண்டும். ஒரு பொன்னாடைக்கு மூன்று நிமிடம் என்று கணக்கிட்டால், முதல் அரங்கில் பெரியவருக்கு நாங்கள் கொடுக்காத நேரம் எங்கே போயிற்று என்பது தெரியும்.

கணியான் கூத்துக் கலைஞர்களை அழைப்பதாக இருந்தால் முழுக் குழுவையும் அழைக்க வேண்டும். முதன்மைப் பாடகரான அண்ணாவியும் பின்பாட்டுக்காரரும், உச்சம், மந்தம் என இரண்டு மகுடங்களும், பெண் வேடமிட்டு ஆடுகிறவர்களும் சேர்ந்ததே கூத்து. இரண்டு மகுடத்தை மட்டும் வரவழைத்து விருந்தினரை வாசலில் வரவேற்க அடிக்கச் சொல்வது அந்தக் கலையையும் கலைஞரையும் சிறுமைப்படுத்துவதாகும். மகுடத்தின் தோலைச் சூடு காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள் என்பதால், மண்டபத்துக்கு வெளியே ஓலை போட்டுத் தீ மூட்ட ஓர் இடம் கேட்டு வைக்க வேண்டும். மைக்கை மகுடத்துக்கு மிக அருகில் வைத்தால் பாட்டு கேட்காது. மூன்று நான்கு அடி தள்ளி வைத்து, அண்ணாவிக்குத் தனி மைக் கொடுக்க வேண்டும். இவர்களும் பழங்குடியினர்தான், சான்றிதழும் படிப்பும் இவர்களுக்கும் வழக்குத்தான் என்பதால், கூத்து முடிந்ததும் அண்ணாவியை இறக்கிவிடாமல் அவரையும் பேசச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நகரத்துக் கவிஞருக்கு எவ்வளவு மதிப்பூதியமோ அதற்குக் குறையாமல் மலையிலிருந்து வரும் பேச்சாளருக்கும் கொடுக்க வேண்டும். உடன் வருகிற ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலியைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும், வேன் வாடகை நம்முடையது. இதையெல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகு உறையில் வைத்துக் கொடுக்காமல், அழைக்கும்போதே தொகையைச் சொல்லிவிடுவது மரியாதை. ஒலிபெருக்கிக்கான காவல்துறை அனுமதியைப் பத்து நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டு வைத்தால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.

அவையில் கேள்வி கேட்கிறவர்களில் சிலர், காட்டைக் காப்பாற்ற மக்களை வெளியேற்றத்தானே வேண்டும் என்பார்கள். அவர்களைக் கூச்சலிட்டு உட்கார வைக்காதீர்கள். புலிகள் காப்பகம் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் இவர்கள் என்பதையும், காப்பகத்துக்குள்ளும் வன உரிமைச் சட்டம் செல்லும் என்பதையும், தீத்தடுப்பிலும் வேட்டைத் தடுப்பிலும் வனத்துறைக்கே இவர்களின் வழித்தட அறிவு தேவைப்படுகிறது என்பதையும் மலையிலிருந்து வந்தவரே பதிலாகச் சொல்லட்டும். இந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி, பதில் சொல்ல அவருக்கு விருப்பமா என்றும் கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்துக்குச் செல்லும்போது, மனு கொடுப்பவர் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க, நாம் பின்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமை அவையில் திரட்டிய கையொப்பங்களை இணைப்பாக வைக்கலாம். மனுவின் இரண்டு படிகளில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வரக் கூடாது. நடவடிக்கை தெரியவில்லை என்றால், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கவிஞர்களில் ஒருவராவது இந்த வேலையை ஏற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மேலே சொன்ன அந்த இளைஞர்தான் இப்போது எங்கள் மனுக்களின் பதிவேட்டை வைத்திருக்கிறார்.

ஒரு மாதத்துக்குள் மறுபடியும் மலைக்குப் போக வேண்டும். நிகழ்ச்சியின் பதிவை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று சொல்கிற பகுதியை அவர்கள் கண் முன்பாகவே நீக்கிவிட்டு, மீதியை மட்டும் வெளியிட வேண்டும். ஒப்புகைச் சீட்டின் படியையும், வந்திருந்தால் பதில் கடிதத்தையும், மூட்டுக்காணியின் கையில் கொடுத்து, எழுதியிருப்பதை வாசித்துக் காட்ட வேண்டும். முதல் அரங்கில் நான்கு நிமிடம் பேசிய பெரியவரிடம் நாங்கள் அப்படிப் போய் உட்கார்ந்தபோது, அவர் அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதை முழுவதும் எழுதிக்கொண்டோம். அடுத்த அரங்கின் மனு அதிலிருந்துதான் உருவானது.